அவுரிக் கிட்டங்கியில் சூடான ஆனை

1976 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, முகச்சவரம் முடித்து, கருப்பட்டிக் காப்பி குடித்தேன். வழக்கம்போல டூல் பையைத் தரையில் கவிழ்த்து, சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, எடுக்கும் வரிசையில் திரும்ப அடுக்கினேன். வாசலில் என் மனைவி தண்ணீர் தெளித்துக் கூட்டி முடித்துக் கோலமாவு டப்பாவோடு குனிந்திருந்தாள். நான் சைக்கிளை இறக்கும்போது ஈரத்தில் மிதித்துவிட்டேன். "ஓரமாப் போங்கன்னு தெனமும் சொல்லணுமா?" என்றாள். செருப்பின் அடியில் அப்பிய மண்ணைப் பெடலில் தேய்த்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைய டைரியில் இவ்வளவும் இருக்கிறது. செருப்பு மண் வரைக்கும் எழுதி வைக்கிறவன் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இப்போது அந்த டைரிகள்தான் கையிருப்பு.

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது, இந்த நாள்தான் முதலில் நினைவுக்கு வந்தது. வயர் இல்லாமல் பாட்டரியில் ஓடும் வாக்குவம் கிளீனர்கள் இன்று ஒரு கையால் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டன. அவற்றைப் பற்றி உங்களுக்கு வரும் புகார்களில் பாதி, "சூடாகி நின்னுபோகுது" என்பதாக இருக்கும். நான் பார்த்த முதல் பாட்டரி வாக்குவம் கிளீனர் அப்படியில்லை. நான்கு சக்கரத்தில் ஒரு பெரிய பீப்பாய், அதன் வயிற்றுக்கடியில் லாரி பாட்டரிகள், முன்னால் தடித்த ரப்பர் குழாய். தள்ளிக்கொண்டு போக வேண்டும். தூத்துக்குடியில் அப்போது அது ஒன்றுதான் இருந்தது. புகார் மட்டும் இதே புகார்தான்.

அது இருந்த இடம் துறைமுகச் சாலையில் ஓர் ஏற்றுமதிக் கிட்டங்கி. கிட்டங்கி என்றால் எங்கள் ஊரில் சரக்கு வைக்கும் பெரிய கட்டடம். அங்கே அவுரி இலையை, சாயத்து அவுரி இல்லை, நிலாவாரை என்பார்களே அதை, சலித்து, தரம் பிரித்து, சாக்கில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். வெளிநாட்டில் அதிலிருந்து பேதி மருந்து செய்கிறார்கள். தூசி அதிகம் கிளம்பும் சரக்கு. வாரியலால் பெருக்கினால் தூசி எழும்பிச் சலித்த இலைமேலேயே திரும்ப விழுகிறது என்று ஜெர்மனியிலிருந்து வாங்குகிறவர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காய்ந்த இலை இருக்கும் இடத்தில் தரையில் மின்சார வயர் இழுக்க இன்ஷூரன்ஸ்காரர்கள் விடவில்லை. அதனால் எங்கள் கம்பெனி வழியாகப் பாட்டரி மெஷின் வந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் அதன் குழாயைப் பார்த்து அதற்கு 'ஆனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வந்த சில நாட்களிலேயே ஆனைக்குச் சூடு ஏறியது. ஓட்டிக் கொஞ்ச நேரத்தில் தலை கொதிக்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து நின்றுவிடும். எங்கள் மெக்கானிக் இரண்டு முறை போனார். ஒருமுறை மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷை மாற்றினார், ஒருமுறை பாட்டரி மாற்றினார். மூன்றாவது புகார் வந்தபோதுதான் என்னை அனுப்பினார்கள்.

அலுவலகத்துக்குப் போன உடனே மெட்ராஸிலிருந்து எங்கள் மேலாளர் டிரங்க் கால் போட்டார்; வெளியூர் போனுக்கு அப்போது அதுதான் பெயர்.

"மோட்டாரை மாத்தணும்னா கப்பல்ல வரணும். கம்பெனி தலையில விழும். அவங்க மேனேஜரே சொல்றார், வேலைக்காரங்கதான் கெடுக்கறாங்கன்னு. அதையே ஒரு வரி எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. முடிஞ்சது."

"பார்த்துட்டு எழுதறேன் சார்."

"பாருங்க. எழுதறதை மறந்துடாதீங்க."

கிட்டங்கி மேனேஜர் வாசலிலேயே காத்திருந்தார். வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர்க்காரர். வெற்றிலை இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். என்னைப் பார்த்ததும் எச்சிலை ஓரமாகத் துப்பிவிட்டு, "வாங்க சார். மெஷின்ல ஒரு கோளாறும் கெடையாது. கோளாறு பூரா ஆள்ட்டதான் இருக்கு" என்றார்.

அவர் சொன்ன ஆள் செல்லக்கனி. பெருக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. நாற்பது வயதைத் தாண்டியவள். அதிகாலையில் கதவைத் திறக்கிறதும் பெண்களைப் பிரித்து விடுகிறதும் அவள் பொறுப்பு. சலிக்கும் ஆட்கள் வருவதற்கு முன்னால் தரை சுத்தமாக இருக்க வேண்டும். கிட்டங்கிச் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும் என்று எனக்கு முன்பு போன மெக்கானிக் சொல்லியிருந்தார். அன்று காலையும் மெஷின் நின்றுபோனதில், அந்தச் சாவி மேனேஜர் மேஜைமேல் கிடந்தது. செல்லக்கனி வாசலோரம் ஒரு சாக்குக் கட்டின்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் யாரும் அவள் பக்கம் திரும்பாமல் நடந்தார்கள்.

"மெஷின் வந்தா பெருக்குற ஆளுக கொறையும்லா? அந்தப் பயம். அதான் தெனமும் காலைல எதையோ செஞ்சு நிப்பாட்டிருதா" என்றார் மேனேஜர். "சாயங்காலம் மொதலாளி வாராவ. நீங்க எழுதிக் குடுத்தாப் போதும், இன்னையோட அனுப்பிருவோம். நாளைக்கு ஜெர்மன்காரன் கிட்டங்கியப் பாக்க வாரான் சார். ஆனை ஓடலன்னா சரக்கே வேண்டாம்னு போயிருவான்."

ஆக, அன்று மாலைக்குள் ஒரு காரணம் வேண்டும். சரியான காரணமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற நிலையில் என்னைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். உங்களுக்கும் இந்த நாள் வரும். அப்போது நீங்கள் கேட்கிற முதல் குரல் உங்கள் மேலாளருடையதாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மெஷினைப் பிரித்தேன். எப்படிப் பிரித்தேன் என்பதை எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு வகுப்பிலேயே வந்துவிடும். மோட்டார் நன்றாக இருந்தது. பிரஷ் புதியது. பாட்டரி கச்சிதம். தூசியைப் பிடிக்கும் துணிப் பை துவைத்து மடித்த வேட்டிபோல வெள்ளையாக இருந்தது. அதே மாதிரி இன்னொரு பை வெளியே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

"அதையும் கேளுங்க சார்" என்றார் மேனேஜர். "தெனமும் பையத் தொவைச்சிருதா. எதுக்கு? எதையோ மறைக்கத்தான?"

மத்தியானம் மெஷினை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். செல்லக்கனி எழுந்தாள். மேனேஜர் கையைக் காட்டி அவளை உட்கார வைத்துவிட்டு, பாக்கியம் என்ற இளம் பெண்ணைக் கூப்பிட்டார். "ஏளா, நீ ஓட்டு."

பாக்கியம் ஓட்டினாள். கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாள், திரும்பி வந்தாள். அரைமணி நேரம் ஓடியது. நான் மெஷின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் நின்ற சைக்கிள் சீட்டைவிடச் சூடு குறைவு.

 மேனேஜர் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் தன் பேனாவை வைத்தார். 

"பாத்தியளா சார்? அவ கை படல, சூடும் ஏறல."

ஒப்புக்கொள்கிறேன், பார்க்கிற யாருக்கும் அது நல்ல சாட்சிதான். நானும் பேனாவை எடுத்தேன். எழுதுவதற்கு முன் ஒரு முறை எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். வரிசைப்படுத்தியபோது ஒன்று இடித்தது. எங்கள் மெக்கானிக் வந்த இரண்டு முறையும் மத்தியானம்தான் வந்தார். இரண்டு முறையும் அவர் முன்னால் மெஷின் ஒழுங்காக ஓடியது. அந்த இரண்டு முறையும் ஓட்டியது செல்லக்கனி என்று அவரே சொல்லியிருந்தார். அவள் கை பட்டும் சூடு ஏறாத நாட்கள் இருந்தன. அப்படியென்றால் கையைப் பார்த்துப் பயனில்லை. காலைக்கும் மத்தியானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் செல்லக்கனியிடம் போனேன். மேனேஜர் பின்னாலேயே வந்தார். "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் உள்ள இருங்க" என்று அனுப்பினேன். அவர் பாதி தூரம் போய் நின்றுகொண்டார்.

நான் வாயெடுப்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"நீங்களும் கேளுங்க தம்பி. மெஷினை என்ன செஞ்சே, மெஷினை என்ன செஞ்சே. ரெண்டு வாரமா இதே கேள்விதான். நான் மெஷினை ஒண்ணும் செய்யல. சாமி சத்தியமா ஒண்ணும் செய்யல."

"பையை ஏன் துவைக்கிறீங்கக்கா?"

"பெறவு? அழுக்குத் துணியத் தொவைக்காம கழுத்துல மாலையாப் போடவா செய்வாவ?"

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்லக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, ஒண்ணு சொல்லுதேன். ஆனைய நான் கெடுப்பேனா? இந்த இலைத் தூசி என்ன சாமான் தெரியுமா? பேதி மருந்து. வாரியல் பிடிச்சுப் பெருக்குன காலத்துல இது மூக்குலயும் வாயிலயும் போயி, நாங்க ஒருத்தரும் மத்தியானச் சோறு ஒழுங்காத் தின்னதில்ல. தின்னா வயித்துல நிக்காது. எங்க வீட்டுக்காரவகூட, 'ஏளா, வேற சோலி பாரேன்'னுதான் சொன்னாவ. ஆனை வந்த பொறவுதான் மனுசியாட்டம் சோறு திங்கேன். அதைப் போயி நான் கெடுப்பேனா?"

"நீங்களும் காலைலருந்து இங்கனதான நிக்கிய" என்றாள் பாக்கியம் என்னைப் பார்த்து. "ராத்திரிக்குத் தெரியும் சாருக்கு."

ஒரு மெஷினைக் கெடுக்க ஒரு ஆளுக்கு என்ன ஆதாயம் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருந்தார். அது கெடாமல் இருந்தால் அவளுக்கு என்ன ஆதாயம் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் மேனேஜரிடம் இதைச் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கைப் பற்றி மேனேஜரிடம் எந்தப் பெண் பேசுவாள்?

நம்பினேன். ஆனால் நம்பிக்கையை அறிக்கையில் எழுத முடியாது. திரும்பப் போய், பாட்டரிகளைக் கழற்றி வைத்துவிட்டு மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்தேன். அடிப்பக்கத்தை அதுவரை நான் பார்க்கவில்லை. சக்கரங்களின் இடுக்கில் பச்சை நிறத்தில் ஏதோ அப்பிக் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் பெயர்த்தேன். மருதாணி அரைத்து வைத்து உலர்ந்ததுபோல் பாளமாக வந்தது.

காய்ந்த இலையின் தூசி இப்படி அப்பாது. ஈரம் வேண்டும். இலை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று குடிதண்ணீர்ப் பானையைக்கூட வெளியே வைத்திருந்த கிட்டங்கி அது. ஈரம் எங்கிருந்து வந்தது? அந்தப் பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, காலையில் பெடலில் தேய்த்த செருப்பு மண் ஞாபகம் வந்தது.

செல்லக்கனியிடம் திரும்பப் போனேன். இந்த முறை மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை.

"அக்கா, காலையில நீங்க கதவு திறக்கறதுல இருந்து சொல்லுங்க. ஒண்ணும் விடாம. மெஷினை விடுங்க, உங்க சோலியைச் சொல்லுங்க."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னத்தச் சொல்ல? கதவத் தொறப்பேன். செருப்பக் கழத்திப் போட்டுட்டுக் கெழக்கப் பாத்துக் கும்பிடுவேன். வாளில தண்ணி மோந்து கூடம் பூரா ஒரு கை தெளிப்பேன். இலைக்கட்டுப் பக்கம் போவ மாட்டேன், தரையில மட்டுந்தான். பெறவு ஆனைய எடுத்து ஓட்டுவோம். அது நின்னு போவும். நீங்க வந்துருக்கிய. இம்புட்டுத்தான்."

"தண்ணி எதுக்கு?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லக்கனி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"எதுக்கா? ஏளா பாக்கியம், கேட்டியா? பெருக்குறதுக்கு முன்னால எதுக்குத் தண்ணி தெளிக்கணும்னு சார் கேக்குதாவ!"

"வீட்டுல மைனி சாரை வாசப்பக்கமே விடுறதில்ல போலுக்கு" என்றாள் பாக்கியம்.

அவர்கள் சிரிக்க, நானும் சிரித்தேன். காரணம் கிடைத்துவிட்டது. ஈரத் தூசியை மெஷின் உறிஞ்சுகிறது. அது பையின் உட்பக்கம் பசைபோல் அப்பி, துணியின் கண்களை அடைக்கிறது. காற்று போவதில்லை. அந்த மெஷினில் உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்க வேண்டும். காற்று நின்றால் சூடு ஏறும். நின்ற மெஷினிலிருந்து அவள் பையை எடுத்து உடனே துவைத்துவிடுகிறாள், மாற்றுப் பையைப் போடுகிறாள். மத்தியானம் யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை. காய்ந்த தரை, காய்ந்த பை. மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் சுத்தம். யாராவது, "மெஷினை என்ன செஞ்சே?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல" என்று அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. தண்ணீர் தெளிப்பது மெஷினுக்குச் செய்வது இல்லையே. தரைக்குச் செய்வது. ஊரே காலையில் செய்வது.

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவர் காதில் ஒரு சொல் மட்டும்தான் விழுந்திருந்தது.

"தண்ணியா? மெஷினுக்குத் தண்ணி ஊத்துனாளா? நான்தான் சொன்னேம்லா!" என்று கையைத் தட்டினார். "எழுதுங்க சார். தண்ணி ஊத்திக் கெடுத்தான்னு எழுதுங்க!"

செல்லக்கனியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவளைக் காப்பாற்றக் கண்டுபிடித்த காரணம் ஒரே நொடியில் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இந்த வேலையில் இதைக் கவனமாக நினைவில் வையுங்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிவதில்லை. அதை யார் எந்த வார்த்தையில் முதலில் சொல்கிறார்கள் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

மேனேஜர் மேஜையிலிருந்தே மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். லைன் கிடைக்க நேரமானது. விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி போயிருக்கா? அருமை" என்றார் மேலாளர். "உபயோகிப்பவர் தவறுன்னு எழுதுங்க. வாரண்டி கிடையாது."

"சார், அந்த அம்மா மெஷினுக்குத் தண்ணி ஊத்தல. தரையில தெளிச்சாங்க. தெளிக்கக் கூடாதுன்னு யாரும் அவங்ககிட்டச் சொல்லல."

"புஸ்தகத்துல இருக்குமே."

"இருக்கு சார். ஜெர்மன்ல இருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு."

லைனில் கடலிரைச்சல்போல ஒரு சத்தம் கேட்டது. அதனூடே, "நீங்க யாருக்கு வேலை பாக்கறீங்க?" என்றார்.

"கம்பெனிக்குத்தான் சார். இன்னைக்குத் தப்பா எழுதினா இந்த அம்மாவை அனுப்பிடுவாங்க. நாளைக்கு வேற ஒருத்தி வந்து கதவைத் திறப்பா. அவளும் தண்ணி தெளிப்பா. மெஷின் நாளைக்கும் நிக்கும். ஜெர்மன்காரர் முன்னாடி நிக்கும்."

அவர் போனை வைத்துவிட்டார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். அதிகம் பேசாதவர். மேனேஜர் முந்திக்கொண்டு சொன்னதை நின்றபடியே கேட்டார். "தண்ணி ஊத்துனது உண்மையா?" என்று என்னிடம் கேட்டார்.

"சொல்றதைவிடக் காட்டிடறேன் சார்."

கூடத்தை நடுவில் சாக்குக் கட்டுகளை வைத்துப் பிரித்தேன். செல்லக்கனியை அழைத்து, ஒரு பாதியில் மட்டும் தினமும் செய்கிறபடியே தெளிக்கச் சொன்னேன். அவள் மேனேஜரைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்தாள். அவள் கையிலிருந்து தண்ணீர் விசிறிபோல விரிந்து விழுந்ததில் ஓர் அழகு இருந்தது. எங்கும் திட்டாகத் தேங்கவில்லை.

முதலில் காய்ந்த பாதியை ஓட்டச் சொன்னேன். முடிந்ததும், "சார், தொட்டுப் பாருங்க" என்றேன். முதலாளி தொட்டார். பிறகு ஈரப் பாதி. கொஞ்ச தூரம் போனதும் மெஷினின் சத்தம் கீச்சுக்குரலாக உயர்ந்தது. "கேட்டியளா, இப்பந்தான் நல்லா இழுக்கு" என்றார் மேனேஜர். காற்று அடைபட்டால்தான் அந்தச் சத்தம் வரும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. முதலாளி மறுபடி கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்து உதறினார். அடுத்த நிமிடம் ஆனை நின்றது. பையைக் கழற்றி உட்பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். பச்சைப் பசை.

முதலாளி செல்லக்கனி பக்கம் திரும்பினார். "தண்ணி தெளிக்கச் சொன்னது யாரு?"

"யாரு சொல்லணும் மொதலாளி?" என்றாள் அவள்.  "ஆனையக் கொண்டாந்து காட்டுன சாரு என்ன சொன்னாவ? 'பயப்படாதீங்கக்கா, இது வாரியல் மாதிரிதான், வாரியலால எப்படிப் பெருக்குவீங்களோ அப்படியே செய்யுங்க'ன்னாவ. நான் அப்படியேதான் செஞ்சேன். தண்ணி தெளிக்காம எந்த வீட்டுல வாரியலத் தொடுவாவ?"

 முதலாளி மேனேஜரைப் பார்த்து, "எங்க வீட்டுல தெளிக்காமப் பெருக்குனா அன்னைக்கு எனக்குக் காப்பி கெடைக்காது. உங்க வீட்டுல எப்படி?" என்றார்.

மேனேஜர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "எங்க வீட்லயும் அப்படித்தான் மொதலாளி."

நான் எழுதினேன். மெஷினில் குறை இல்லை. ஓட்டியவரிடம் குறை இல்லை. ஈரத் தரையில் ஓட்டக் கூடாது என்பதை விற்றபோது எங்கள் ஆள் சொல்லிக்கொடுக்கவில்லை; அது எங்கள் குறை. புதுப் பைகள் எங்கள் செலவில் தருகிறோம். கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். இதற்காக மெட்ராஸிலிருந்து பிறகு எனக்குத் திட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன். அதே மேலாளர், அடுத்த மெஷினை விற்கும்போது என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்டார்.

ஆனால் அந்த மாலை அத்தோடு முடியவில்லை. உண்மையான சிக்கல் இனிமேல்தான் இருந்தது. நாளைக் காலை தெளிக்கக் கூடாது என்று நான் சொன்னதும் செல்லக்கனி கையை விரித்தாள்.

"அது எப்படி தம்பி? தெளிக்காமப் பெருக்குனா அது பெருக்குனதாவுமா? நாளைக்குன்னு பாத்து வெள்ளக்காரன் வேற வாரான். நல்ல நாளும் அதுவுமா மூதேவியக் கூப்பிட்டு உக்கார வைக்கச் சொல்லுதியளா?"

மேனேஜர் அதட்டப் போனார். நான் தடுத்தேன். அதட்டினால் நம் முன்னால் தலையாட்டுவார்கள்; காலையில் நாம் இல்லாதபோது தெளிப்பார்கள். சாயங்கால வெயில் மேற்குக் கதவு வழியாகச் சாய்வாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பாக்கியத்தை வாரியலால் அந்த வெயிலில் பெருக்கச் சொன்னேன். தூசி தங்கப் புகைபோல் எழும்பியது. பிறகு புதுப் பை போட்டு அதே இடத்தில் ஆனையை ஓட்டச் சொன்னேன். வெயில் கோடு தெளிவாகவே இருந்தது.

"தண்ணி எதுக்குத் தெளிக்கிறோம் அக்கா? தூசி எந்திரிக்கக் கூடாதுன்னுதானே? இதுல எந்திரிக்குதா பாருங்க."

அவள் அந்த வெளிச்சத்துக்குள் கையை விட்டுப் புரட்டிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்த்தாள் என்றால், எனக்காகப் பார்க்கவில்லை, தனக்காகத்தான் பார்த்தாள்.

"எந்திரிக்கல" என்றாள் கடைசியில். "சரி. ஓட்டி முடிச்சுட்டு வாசல்ல மட்டும் தெளிக்கேன். அதுக்கும் வேண்டாங்காதிய."

"அதுக்கு நான் யாரு?"

முதலாளி மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்து மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் அதைச் செல்லக்கனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். 

இலைத் தூசியைப் பற்றிப் பாக்கியம் சொன்னது அன்று ராத்திரி என் வயிற்றில் பலித்தது என்பதைத் தவிர டைரியில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் புதன்கிழமை, விடிந்தும் விடியாமலும் கிட்டங்கிக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் முதலாளி வந்து வாசலில் நின்றிருந்தார். செல்லக்கனி பூட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். வாளி நிறையத் தண்ணீர் கதவோரம் தயாராக இருந்தது. பழக்கத்தில் கை அதன்மேல் போனது. நின்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஆனையைக் கூடத்தின் கடைசி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக, வாசல்வரை ஓட்டி வந்து நிறுத்தினாள். சத்தம் ஒரே சீராக இருந்தது. அதன் தலையில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்காமல் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

முதலாளி படியில் கால் வைத்தார்.

"நில்லுங்க மொதலாளி" என்றாள் செல்லக்கனி. அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவள் வாளியைத் தூக்கினாள்.